இல்லத்துக் கம்பியும் இணையத்தின் மந்தமும்

செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று வழங்குவது நெடுநாளைய வழக்கு. மதுராந்தகத்துப் பேரேரியும், செங்கற்பட்டு நகரையொட்டிப் பரந்து கிடக்கும் கொளவாய் ஏரியும் அப்பெயர்க்குச் சான்றாய் நிற்கின்றன. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தோடும் காலத்தும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதுண்டு. அக்காலத்துக் குடியானவன் ஏரியை நொந்துகொள்வதில்லை; கரையை இன்னும் உயர்த்துக என்று அரசினரை வேண்டுவதுமில்லை. மண்வெட்டியைத் தோளில் இட்டுக்கொண்டு, மதகிலிருந்து தன் வயல் வரையில் வாய்க்காலோரமாகவே நடந்து, எங்கே நண்டு வளை தோண்டியிருக்கின்றது, எங்கே புல் அடைத்திருக்கின்றது என்று பார்த்துக்கொண்டு வருகின்றான். இணையத்தைப் பயன்படுத்தும் நம்மவர் செய்வது யாது? கணினியில் வேகம் குறைந்தது என்று கண்ட அளவிலே, மாதச் சந்தாவை உயர்த்துகின்றனர். நூறு மெகாபிட் என்பது இருநூறாகின்றது, இருநூறு முந்நூறாகின்றது. வாய்க்காலைப் பார்த்தவர் எவருமிலர்.

இவ்வழக்கம் பொருட்கேடு, அறிவுக்கும் இழுக்கு. வீட்டுக் கணினியில் கம்பி வழியாக வரும் இணையம் மந்தமாயிருப்பின், அதன் காரணத்தைப் படிப்படியாய் நாடிக் கண்டறிதல் பெரும்பாலும் எளிது. அதற்கு வேண்டுவன சிறிது பொறுமையும், பள்ளியிறுதி வகுப்பளவான பௌதிக அறிவும், ஒரு மாற்றுக் கம்பியுமே. கற்றோர் நிறைந்த இல்லங்களிலும் இவ்வாராய்ச்சி நிகழாதிருப்பது எனக்குப் பெரு வியப்பைத் தருகின்றது.

கம்பியில்லா வைஃபை முறையைப் பற்றி ஈண்டு யான் எழுதவில்லை. அதற்குச் சுவர் குறுக்கிட்டது, அண்டை வீட்டார் கருவி குறுக்கிட்டது என்று ஆயிரம் சாக்குகள் உண்டு. கம்பிக்கு அத்தகைய சாக்கு ஒன்றும் இல்லை. ஆதலின் இணையத்தின் உண்மை வேகத்தை அளக்க விரும்புவோர் கைப்பேசியைக் கையில் ஏந்தி வீடு முழுவதும் உலவுவதை விடுத்து, கணினியைக் கம்பியால் நேரே இணைத்து அளத்தலே முறை. கைப்பேசியில் அளந்த எண்ணைக் காட்டி நிறுவனத்தாரோடு வழக்காடுவோர், கிணற்றின் ஆழத்தை ஓட்டை வாளியால் அளப்போரை ஒப்பர்.

யான் நன்கறிந்த இல்லம் ஒன்று கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, கடலுக்கு மிக அணித்தாய் இருக்கின்றது. வீட்டுத் தலைவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர்தம் மகளார் ஒரு கணினி நிறுவனத்தில் புதிதாய் அமர்ந்து, தகுதிகாண் பருவத்தில் வீட்டிலிருந்தே பணியாற்றி வந்தார். கூட்டங்களின் நடுவே குரல் அறுந்துபோகும், கோப்புகள் நகரா, சில நாட்களில் இணைப்பே அற்று மீளும். மேலாளரிடமிருந்து கடுமையான கடிதங்கள் இரண்டு வந்தன. மூன்றாவது வருமாயின் வேலை போய்விடும் என்னும் நிலை. தந்தையார் ஓய்வூதியத்திலிருந்து சந்தாவை இருமுறை உயர்த்தினார். நூறு என்பது முந்நூறான பின்னரும் அளவுமானியில் தோன்றிய எண் 94! தொலைபேசியில் அழைத்தபொழுதெல்லாம், கருவியை அணைத்து மறுபடி போடுக என்னும் உபதேசம் ஒன்றே கிடைத்தது. பௌதிகம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் விருந்தினராய் அங்குச் சென்று, கணினியின் திரையில் ஒரே ஒரு வரியை நோக்கிவிட்டுச் சன்னலண்டை போய்க் கம்பியின் முனையைக் கழற்றிப் பார்த்தார். பித்தளையிற் களிம்பு ஏறினாற்போல அம்முனை பச்சை பூத்திருந்தது. இரண்டு செருகிகளை மாற்றினார். வேகம் அன்றே முந்நூற்றை எட்டியது. அச்செருகிகளின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையினும் குறைவு. அவர் திரையில் நோக்கிய அந்த ஒரு வரி யாது என்பதை அறிந்துகொண்டால் இக்கட்டுரையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அதற்குமுன் ஒரு சிறு கணக்கு. நிறுவனத்தார் வேகத்தைப் பிட் என்னும் அலகால் விற்கின்றனர். கணினியோ கோப்பை இறக்குங்கால் பைட் என்னும் அலகாற் காட்டுகின்றது. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். ஆகவே நூறு மெகாபிட் இணைப்பில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டுக்குமேல் ஒருபொழுதும் வாராது. பதினொன்று வருகின்றதே, நூறு எங்கே என்று சினப்போரை யான் கண்டிருக்கின்றேன். இக்குறை கம்பியிலும் இல்லை, நிறுவனத்திலும் இல்லை. வகுத்தற் கணக்கில் இருக்கின்றது.

இனிக் கம்பிக்கு வருவோம். கடைக்காரர் லேன் கேபிள் என்றும் நெட் கேபிள் என்றும் விற்கும் கம்பியின் உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் காணப்படும். அவை இரண்டிரண்டாய் முறுக்கப்பட்டு நான்கு இணைகளாய் இருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஈதர்நெட் என்னும் இம்முறை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மெட்காஃப் என்பாரால் தொடங்கப்பெற்றது. 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நூறு மெகாபிட் முறையில், இன்று நம் வீடுகளிற் காணப்படும் வகை, இந்நான்கு இணைகளுள் ஆரஞ்சையும் பச்சையையுமே பயன்படுத்துகின்றது. நீலமும் பழுப்பும் வாளா கிடக்கும். 1999ஆம் ஆண்டில் வந்த ஆயிரம் மெகாபிட் முறைக்கோ நான்கு இணைகளும் இன்றியமையாதன. எட்டுக் கம்பிகளுள் ஒன்றே ஒன்று அறுந்தாலும், ஒரே ஒரு முனை செருகியுள் சரியாய்க் கடிக்கப்படாதொழிந்தாலும், ஆயிரம் என்பது கைகூடாது.

அப்பொழுது நிகழ்வது என்னை? இரு முனையிலும் உள்ள கருவிகள் இணைக்கப்பட்டவுடன் தம்முள் கலந்து பேசி, இருவர்க்கும் இயலும் உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொள்கின்றன. ஆயிரத்தில் முயன்று முடியாதபோது, பெரும்பாலான கருவிகள் ஓசைப்படாமல் நூறுக்கு இறங்கிவிடுகின்றன. எச்சரிக்கை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. நால்வர் சுமக்கவேண்டிய பல்லக்கை இருவர் சுமந்து செல்ல, உள்ளே இருப்பவர் ‘இன்று ஏன் இவ்வளவு தாமதம்’ என்று வியப்பதை ஒக்கும் இது. ஒவ்வொரு பொதிக்கும் முகவரியும் உறையும் சேர்வதால் நூறில் ஐந்தாறு அவற்றிற்கே கழிந்து, அளவுமானியில் 94, 95 என்னும் எண்கள் தோன்றும். சந்தா நூற்றுக்கு மேற்பட்டிருக்க, எந்நேரத்தில் அளப்பினும் இவ்வெண்ணே அசையாது நிற்குமாயின், குற்றம் கடலடிக் கம்பியிலோ தெருக்கம்பத்திலோ இருப்பது அரிது. உம் வீட்டின் நான்கு சுவர்க்குள்ளேயே இருக்கின்றது என்று துணிந்து கூறலாம்.

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ் பகுதிக்குள் நெட்வொர்க் என்பதன்கீழ் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்றொரு வரி இருக்கும். ஆசிரியர் வீட்டில் அந்நண்பர் நோக்கியது இதனையே. அதில் 1000 என்று இருத்தல் வேண்டும். 100 என்று இருந்தது. இவ்வொரு வரியைப் பார்க்க அரை நிமிடமாகும். இதனைப் பாராமலே இரு முறை சந்தா உயர்த்தப்பட்டது.

இவ்வரியில் 100 என்று கண்டவுடனே கம்பியை வீசியெறிதலும் ஆகாது. கருவியின் வாயே நூறளவினதாய் இருக்கலாம். மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் எல்லா வாய்களும் நூறுக்கு உரியனவே. நிறுவனத்தார் வைக்கும் ஒளியிழைப் பெட்டிகள் சிலவற்றில் ஒரு வாய் ஆயிரமும் மற்றையது நூறுமாய் இருக்கும். நடுவே பழைய ஸ்விட்சுப் பெட்டி ஒன்று அகப்பட்டுக்கொண்டிருந்தாலும் அதே பயன்தான். கணினியை வேறொரு நல்ல கம்பியால் பெட்டியின் வேறொரு வாயில் நேரே செருகிப் பார்த்தால் குற்றம் கம்பியதா, வாயினதா, கணினியினதா என்பது தெளிவாகும். ஒருகால் ஒரே பொருளை மாற்றுக என்பதே விதி. மூன்றையும் ஒருங்கே மாற்றி வேகம் மீண்டால் மகிழ்ச்சி உண்டாகுமேயன்றி அறிவு உண்டாகாது.

கணினியின் அமைப்பில் வேகத்தை யாரேனும் கையால் நிலைநிறுத்தி வைத்திருந்தால் பிறிதொரு தீங்கும் நேரும். ஒரு முனை இருவழியும் ஒருங்கே பேசும். மறு முனையோ ஒருவர் பேசுங்கால் மற்றவர் வாய் மூடவேண்டும் என்று கொள்ளும். இதனால் மோதல் மிகுந்து, வேகம் நூறினும் மிகத் தாழ்ந்துபோம். தானே தேர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுதலே நலம்.

நிற்க. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஈறாக உள்ள கடற்கரைக்கு உரிய தனி நோய் ஒன்று உண்டு. அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கடற்கரைக் கோயிலை எல்லோரும் கண்டிருப்பீர். கடலலை நேரே மோதாவண்ணம் அதன்முன் பாறைகள் குவிக்கப்பட்டிருக்கின்றன. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவும் செய்தும் உப்பு கல்லினுள் ஏறுகின்றது. தொல்பொருள் ஆய்வுத் துறையினர் நீரில் நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி, அஃது உப்பை உறிஞ்சிக்கொண்டபின் எடுத்துவிடும் முறையைக் கையாண்டு வருகின்றனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்ற கல்லையே உப்புக்காற்று அரிக்குமாயின், மயிரிழை போன்ற செப்புக் கம்பிக்கும், அதன் முனையிற் பூசிய நுண்ணிய பொன்முலாமுக்கும் என்ன கதி?

செருகியின் உலோக நாக்குகள்மீது பொன் பூசுவது துரு ஏறாமைக்காகவே. மலிவுச் செருகிகளில் அப்பூச்சு பெயரளவில் நிற்கின்றது. கடற்காற்றிலுள்ள உப்புத்துகள் அதன்மேற் படிந்து, காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளுகின்றது. ஈரமும் உப்பும் கூடியவிடத்து உலோகம் அரிக்கப்படுதல் இயற்கை. முதலில் தடை மிகும். பின் பொதிகள் சிதையும். சிதைந்தவை மீட்டும் அனுப்பப்படும். நாம் அதனை மந்தம் என்போம். இறுதியில் ஓர் இணை முற்றும் அற்று, வேகம் நூறுக்கு இறங்கும். மழைக்காலத்தில் மந்தமாகி வெயிலில் தேறும் இணைப்புகளின் மறை இதுவே. சன்னற்கம்பி துருவேறி உதிர்வதை நாள்தோறும் காணும் கடற்கரை மக்கள், அதே சன்னல் வழியாய் நுழையும் இணையக் கம்பியும் துருவேறும் என்று கருதாதது விந்தையே.

இதற்குச் செய்யத்தக்கன சில. கம்பியைக் கடல் நோக்கிய சன்னல் வழியே கொணராது நிலத்தை நோக்கிய சுவர் வழியே கொணர்தல் வேண்டும். வீட்டினுள் நுழையுமுன் கம்பி கீழ்நோக்கி ஒரு வளைவாய்த் தொங்குமாறு விடுதல் வேண்டும்; மழைநீர் அவ்வளைவின் அடியில் சொட்டிப்போகும், செருகியுள் புகாது. வெளியே செல்லும் கம்பிக்கு வெயிலைத் தாங்கும் கரிய உறையுடையது தனியே விற்கின்றது. வீட்டினுள் இடும் கம்பியை மொட்டை மாடியில் இழுத்தால் ஓரிரு கோடையில் உறை வெடித்துவிடும். செருகிகளை ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்துப் பச்சை பூத்திருப்பின் வெட்டியெறிந்து புதியன கடித்துக்கொள்க. துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துதல் வீண்.

கம்பி வாங்குவதிலும் ஒரு வஞ்சம் உண்டு. அலுமினியக் கம்பியின்மேல் செம்பைப் பூசி, செப்புக் கம்பி போலவே விற்கின்றனர். அலுமினியம் செம்பின் கடத்தும் திறத்தில் ஐந்தில் மூன்று பங்கே உடையது. வளைத்தால் எளிதில் முறியும். உப்புக்காற்றில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அரிப்பு இன்னும் விரையும். ஈதர்நெட்டுக்குரிய கம்பி முழுச் செம்பாய் இருத்தல் வேண்டும் என்பது வகுத்த தரம். சோதிப்பது எளிது: சிறு கத்தியால் கம்பியைச் சுரண்டினால் செம்பு உள்ளும் சிவந்தே இருக்கும், பூச்சுக் கம்பி வெளுக்கும். நீளம் நூறு மீட்டரைக் கடத்தல் ஆகாது என்பதும் நினைவிற்குரியது. வீட்டில் இதற்கு இடமில்லையெனினும், பள்ளிகளிலும் திருச்சபை மனைகளிலும் ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொன்றிற்கு இழுக்குங்கால் இவ்வெல்லையை மறந்துவிடுகின்றனர்.

வீட்டிற்கு வெளியே இப்பொழுது பெரும்பாலும் வருவது ஒளியிழை. அது கண்ணாடியாதலின் துருவேறாது. ஆயினும் ஆணியிற் சுற்றித் தொங்கவிட்டால் ஒளி கசிந்து குறையும். முனையில் தூசு படிந்தாலும் குறையும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரை கடந்தது. அத்தகைய காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழைகள் அறாமல் தப்பினாலும், இழுபட்டும் மடங்கியும் குன்றி நிற்கும். ஒளியிழைப் பெட்டியின் உட்பக்கத்தைக் கணினியில் திறந்தால் வரும் ஒளியின் வலிமை ஓர் எண்ணாய்க் காணப்படும். வழக்கமான வீட்டு இணைப்புகளில் அது மைனஸ் 27 டி.பி.எம். என்னும் எல்லையை நெருங்கினால் இழையில் பழுது என்று கொள்க. இதனை நாம் திருத்தல் இயலாது. திருத்துவோரை அழைத்து இவ்வெண்ணைச் சொல்லலாம். ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்வதற்கும் இவ்வெண்ணைச் சொல்வதற்கும் கிடைக்கும் மறுமொழியில் உள்ள வேற்றுமையைச் சோதித்துப் பார்ப்போர் அறிவர்.

கம்பியும் கருவியும் நன்றாயிருக்கவும் மந்தம் நீங்காதாயின், வீட்டினுள் யார் யார் இணையத்தை உண்கின்றனர் என்று பார்த்தல் வேண்டும். கண்காணிப்புக் கேமரா இரவும் பகலும் படத்தை மேலேற்றிக்கொண்டிருக்கும். ஒருவருடைய கைப்பேசி திருமணத்துப் படங்களையெல்லாம் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மேலேறும் வழி நிரம்பிவிட்டால், கீழிறங்கும் பொதிகளுக்குரிய ஒப்புகைச் சீட்டுகளும் அவ்வரிசையின் கடைசியிலே நிற்கவேண்டியவாகும். ஆகவே இறக்கமும் தளரும். கருவிகளில் அளவுக்கு மீறிப் பெரிய வரிசைக்கிடங்குகள் வைப்பதால் வரும் இந்நோயை ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டிலேயே கண்டறிந்து, 2010ஆம் ஆண்டில் அதற்குப் பெயரும் இட்டார். பெரும் பொறியாளர் ஒருவரே தம் வீட்டு இணையம் ஏன் மந்தம் என்று ஆராயப் புகுந்தது நமக்கு ஊக்கம் தருவதன்றோ? பிங் என்னும் கட்டளையால் வீட்டு ரவுட்டரையும் தொலைவிலுள்ள ஓரிடத்தையும் அழைத்துப் பார்த்தால் இது புலனாகும். கம்பி வழியே ரவுட்டரின் மறுமொழி ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்குள் வருதல் வேண்டும். அங்கேயே தாமதமோ இழப்போ இருப்பின் பழுது வீட்டினுள்ளே. அது செம்மையாயிருந்து அப்பால் இழப்பு இருப்பின் பழுது வெளியே.

இதுகாறும் எழுதியதைக் கொண்டு, யான் நிறுவனங்களுக்கு வழக்கறிஞனாய்ப் பேசுகின்றேன் என்று எவரும் கருதவேண்டா. அவர்கள்பாலும் குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஜிபான் என்னும் ஒளியிழை முறையில் ஓர் இழை ஏறக்குறைய 2,488 மெகாபிட்டைக் கீழே கொணர்கின்றது. அதனைப் பிளந்து முப்பத்திரண்டு அல்லது அறுபத்துநான்கு வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். அறுபத்துநான்கு வீட்டாரும் ஒரே வேளையில் முழுமையாய் இழுத்தால் தலைக்கு முப்பத்தொன்பது மெகாபிட்டுக்கும் குறைவாகவே எய்தும். எல்லோரும் ஒருங்கே இழுப்பதில்லையாதலின் இப்பகிர்வு தன்னளவில் குற்றமாகாது. மதகின் நீரையும் முறைவைத்தே பகிர்கின்றோம். குற்றம் வேறு இடத்தில். தெருக்கம்பத்துக்கு அப்பால் உள்ளூர்ச் சிறு நிறுவனத்தார் தாம் மேலிடத்தில் வாங்கும் அளவைப் பெருக்காமலே வீடுகளை மட்டும் பெருக்கிக்கொண்டு போகின்றனர். காலை ஆறு மணிக்கு முழு வேகமும், இரவு ஒன்பது மணிக்குக் கால் வேகமும் வருமாயின் இதுவே காரணம் எனலாம். கம்பியின் நோய்க்குப் பொழுது தெரியாது. கூட்டத்தின் நோய்க்குப் பொழுது தெரியும். ஆதலின் இரு வேளையும் அளந்து எழுதி வைத்தல் வேண்டும்.

விளம்பரங்களில் ‘வரை’ என்றொரு சிறு சொல் சிறு எழுத்தில் ஒளிந்திருக்கின்றது. நூறு மெகாபிட் வரை! ஐந்து வந்தாலும் அது நூறு வரையே. குறித்த அளவைத் தீர்த்தபின் வேகத்தை வெட்டிக் குறைக்கும் விதியும் பலவிடத்து உண்டு. மாதக் கடைசியில் மட்டும் வரும் மந்தத்திற்கு அவ்விதியை நோக்குக. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அகலப்பட்டை என்பதற்கு அரசினர் வகுத்த குறைந்த அளவு விநாடிக்கு 256 கிலோபிட். 2023 சனவரியில் அஃது 2 மெகாபிட் ஆயிற்று. விளம்பரம் கூறும் நூறுக்கும் இலக்கணம் கூறும் இரண்டிற்கும் இடையில் கிடக்கும் பெரும் வெளியில் நுகர்வோன் நிற்கின்றான். மின்கட்டணச் சீட்டில் செலவான அலகு அச்சாவதுபோல, இணையச் சீட்டிலும் முன்னிரவு வேளையில் அவ்வீட்டிற்கு உண்மையாய் எய்திய வேகம் அச்சாதல் வேண்டும் என்பது என் கருத்து. நிறுவனத்தின் கருவிக்கு அஃது எட்டாத செய்தியன்று.

வேகம் என்னும் சொல்லில் அகலமும் தாமதமும் கலந்து கிடப்பதும் குழப்பத்திற்கு ஒரு காரணம். 2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நாற்பத்துநான்காம் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. முதற்பலகையில் ஆடிய நம் குகேஷ் தங்கப் பதக்கம் பெற்றார். மின்னணுப் பலகைகளின்மேல் காய் நகர்ந்தவுடனே அந்நகர்வு உலகெங்கும் திரைகளில் தோன்றிற்று. ஒரு நகர்வைத் தெரிவிக்க நாலைந்து எழுத்துகள் போதும். அதற்கு அகன்ற வழி வேண்டா, தடையற்ற வழியே வேண்டும். நேர்முகத் தேர்வும் இணைய வகுப்பும் பெரிதும் இவ்வினத்தைச் சார்ந்தனவே. அவற்றிற்கு முந்நூறு மெகாபிட் வேண்டுவதில்லை. சில மெகாபிட் இடையறாது வந்தாற் போதும். இனி, தொலைவினால் வரும் தாமதத்தை எவரும் விலைகொடுத்து நீக்க முடியாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1871ஆம் ஆண்டிலேயே பினாங்கு வழியாகக் கடலடித் தந்தி இயங்கத் தொடங்கியது. இன்று அவ்வழியில் ஒளியிழைகள் கிடக்கின்றன. கண்ணாடியில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீட்டரே செல்லும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப முப்பது மில்லி விநாடியேனும் ஆகும். இதற்குச் சந்தாவை உயர்த்துவோர் ஒளியோடு போட்டியிடுகின்றனர்.

‘கம்பி கடிப்பதும் எண் பார்ப்பதும் எம் தொழிலோ? பணம் கொடுக்கின்றோம், நிறுவனத்தார் செய்யட்டும்’ என்பார் கூற்றில் பாதி உண்மை உண்டு. சதுரங்கப்பட்டினத்திலே தனித்து வாழும் முதிய அம்மையார் ஒருவர் லிங்க் ஸ்பீடு என்னும் வரியைத் தேடவேண்டும் என்று சொல்லுதல் அறமாகாது. இணைப்பைக் கொடுக்க வரும் பணியாளர், கம்பியால் கணினியில் அளந்த எண்ணையும் ஒளியின் வலிமையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டே செல்லவேண்டும் என்று விதி செய்தால் பாதிப் பிணக்கு தீரும். பிற்காலத்தில் குறைந்ததா இல்லையா என்பதை அச்சீட்டே சொல்லும். ஆயினும் அவ்விதி வரும்வரையில் மாணவர் காத்திருக்க முடியாது. பொறியியற் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையத்திலேயே நடக்கின்றது. விருப்பப் பட்டியலைப் பூட்டவேண்டிய இறுதி நாழிகையில் திரை உறைந்துபோனால், நான்காண்டுக் கல்வியின் போக்கே மாறக்கூடும். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் கல்லூரிகள் அடைத்த காலத்துப் பனையூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்டவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

நம் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். ஓமின் விதியை ஆய்வுக்கூடத்தில் மும்முறை சோதித்து ஏட்டில் எழுதும் மாணவர், தம் மேசையின்கீழ்க் கிடக்கும் எட்டுக் கம்பிகளின் நிறவரிசையை அறியார். தடை மிகுந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கம்பியே கண்கூடான பாடம். பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி, ஒவ்வொருவரும் ஒரு மீட்டர்க் கம்பியை வெட்டி, இரு முனையும் கடித்து, சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் முறையே எரியக் காட்டவேண்டும் என்று செய்யலாம். செலவு மிகச் சிறிது. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர் கிராமங்களுக்குச் செல்லும்போது மரம் நடுவதோடு ஒரு கடிப்புக் கருவியும் ஒரு பை செருகியும் உடன் கொண்டுசென்று, பள்ளி, நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் கணினிகளில் லிங்க் ஸ்பீடு வரியை மட்டும் பார்த்து வரட்டும். கடற்கரையோரத்து ஊர்களில் முதலில் தொடங்குதல் தகும். அங்கே பச்சை பூத்த செருகிகளுக்குக் குறைவிராது.